கந்தையானாலும் கசக்கிக் கட்டு!

(பட்டிமன்றத் தலைப்பு: குடும்பச் சிக்கனத்துக்குப் பெரிதும் துணை நிற்பது பழையதைப் பேணுவதா? புதியதை வாங்குவதா? ‘பழையதைப் பேணுவதே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய பெண் பேச்சாளரின் உரை.)



எதிரணித் தலைவர் அண்ணன் ரொம்ப நல்லாப் பேசினார். அவர் பேச்சிலே எனக்குப் பிடித்தது ஒரு வரி. “பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிற நேரத்துல கடைக்குப் போய் ரெண்டு பிளாஸ்டிக் குடம் வாங்கிட்டு வந்திடலாம்”னார். உண்மைதான் நடுவர் அவர்களே, வாங்கிட்டு வந்திடலாம். ஆனா பித்தளைக் குடம் பாட்டி வாங்கி, அம்மா புழங்கி, பேத்தி கைக்கு வருது. அண்ணன் வாங்கின பிளாஸ்டிக் குடம் அடுத்த பொங்கலைப் பார்க்குமா? (கைதட்டல்) பித்தளை நசுங்கிப் போனாலும் பாத்திரக் கடையில எடைக்குக் காசு. பிளாஸ்டிக் குடம் உடைஞ்சா? தெருவில வர்ற பேரீச்சம்பழக்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவார்! (சிரிப்பு)

நம்ம பெரியவங்க ஒரு பழமொழி சொன்னாங்க. “கந்தையானாலும் கசக்கிக் கட்டு.” சின்ன வயசுல இதைக் கேட்டிருப்போம், பொருளை யோசிச்சிருக்க மாட்டோம். கந்தையைக் கட்டிக்கோன்னு அது சொல்லலை. கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு சொல்லுது. ஏழ்மை ஒரே நாள்ல தீராது. அழுக்கு ஒரே மணி நேரத்துல தீரும். தீராததுக்கு அழுதுக்கிட்டு உட்காராதே, தீரக்கூடியதைக் கையில எடுன்னு சொல்லுது. “கந்தையானா வீசிட்டுத் தவணையில புதுசு வாங்கிக் கட்டு”ன்னு எந்தக் கிழவியும் சொல்லலை நடுவர் அவர்களே! (கைதட்டல்)

சிக்கனம்னா என்ன? செலவே பண்ணாம இருக்கிறதா? இல்லை, அதுக்குப் பேர் கஞ்சத்தனம். கையில இருக்கிற பொருளோட குணம் தெரிஞ்சு புழங்கறதுதான் சிக்கனம். குணம் தெரிஞ்சவன்தான் அந்தப் பொருளுக்குச் சொந்தக்காரன். தெரியாதவன் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் வெறும் வாடிக்கைக்காரன்தான். பொருள் கெட்டுப் போன மறுநாள் மறுபடியும் கடை வாசல்ல நிப்பான். இதுதான் என் கட்சி.

நம்ம வீட்டுச் சமையலறைக்கு வாங்க. புளி போட்டுப் பித்தளையைத் தேய்ச்சாங்களே, அது குருட்டு நம்பிக்கையா? பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றுப் பட்டா மேலே கறுத்து ஒரு படலம் விழும். புளியில டார்டாரிக் அமிலம் இருக்கு. அந்தப் படலத்தை அது கரைச்சு எடுத்துடும். கூடக் கொஞ்சம் உப்பு சேர்த்தா வேலை இன்னும் சுருக்கா முடியும். தேய்ச்சதும் நல்லாக் கழுவி உடனே துடைச்சிடணும். புளியோட அப்படியே ஊறப் போட்டுட்டு நாடகம் பார்க்கப் போயிட்டா, தேய்ச்ச குடம் திரும்பவும் கறுத்துத்தான் நிற்கும். (சிரிப்பு)

எண்ணெய்ப் பிசுக்குப் பிடிச்ச இரும்புச் சட்டிக்குப் புளியையா எடுத்தாங்க? இல்லையே, சாம்பலை எடுத்தாங்க! விறகுச் சாம்பல்ல பொட்டாசியம் கார்பனேட்டு என்கிற காரப்பொருள் இருக்கு. காரமும் எண்ணெயும் சேர்ந்தா கொஞ்சம் சோப்பு மாதிரி ஆகி வழுக்கிக்கிட்டு வந்துடும். சாம்பலோட நுண்துகள் தேய்க்கிற வேலையையும் பார்த்துக்கும். அந்தச் சாம்பலை அலுமினியப் பாத்திரத்துல போட்டுத் தேய்ச்சா என்ன ஆகும்? காரம் அலுமினியத்தை அரிக்கும், பாத்திரம் கறுத்துப் போகும். கறைக்குப் புளி, பிசுக்குக்குச் சாம்பல், வெள்ளிக்கு மெல்லிய துணியில தொட்ட விபூதி. எங்க பாட்டிமார்கள் வேதியியல் புத்தகத்தைப் புரட்டினவங்க இல்லை. ஆனா எதுக்கு எதுன்னு தெரிஞ்சவங்க.

இன்னைக்கு நிறைய ஊர்ல உப்புத் தண்ணிதான் வருது. வெந்நீர் போடுற எவர்சில்வர் பாத்திரத்துக்குள்ள வெள்ளையா ஏடு கட்டியிருக்கும். சுரண்டிச் சுரண்டிப் பாத்திரம் தேயும், ஏடு போகாது. பிழிஞ்ச எலுமிச்சை மூடி நாலைப் போட்டுத் தண்ணி ஊத்திக் கொதிக்க வையுங்க. அந்த ஏடு சுண்ணாம்புச் சத்து. அமிலம் பட்டா இளகிடும். குப்பைக்குப் போக வேண்டிய எலுமிச்சை மூடிக்கு இன்னொரு வேலை கிடைச்சுது பாருங்க!

நடுவர்: அம்மா, உங்க பேச்சைக் கேட்டா என் வீட்டுல இனிமே எலுமிச்சை மூடியைத் தூக்கிப் போட விட மாட்டாங்க போலிருக்கே!

ஐயா, அம்மா கையில கொடுத்திடாதீங்க, நீங்களே போட்டுக் கொதிக்க வையுங்க. அந்த விஷயத்துக்குத்தான் பின்னால வரப் போறேன். (சிரிப்பு, கைதட்டல்)

துணிக்கு வருவோம். பட்டுப்புடவையை எடுத்த எடுப்பிலே சோப்புத் தூள்ல ஊற வைக்கிறவங்க இருக்காங்க. பட்டு புழு நூற்றது, அது புரதம். காரம் அதிகமான சோப்பு அதோட பளபளப்பைக் கெடுக்கும். அதனாலதான் பூந்திக்கொட்டை. கொட்டையை உடைச்சு விதையை எடுத்துட்டு, தோலை வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சுக் கசக்கினா நுரை வரும். சபோனின் என்கிற பொருள்தான் அந்த நுரையைக் கொடுக்குது. ஆறினதும் வடிகட்டி, புடவையை அலசி, முறுக்கிப் பிழியாம நிழல்ல காயப் போட்டா பட்டு பட்டாவே இருக்கும். சாயம் போகுமோன்னு சந்தேகமா? முந்தானை ஓரத்துல ஒரு மூலையை நனைச்சு வெள்ளைத் துணியில ஒத்திப் பார்த்துட்டு அப்புறம் இறங்குங்க.

பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுறோமே, விறைப்புக்கு மட்டுமா? இல்லை. அழுக்கு நூல்ல ஒட்டுறதுக்கு முன்னாடி கஞ்சியில ஒட்டும். அடுத்த தடவை துவைக்கும்போது கஞ்சி கரையும், அதோட அழுக்கும் கரையும். வடிச்ச கஞ்சியைச் சாக்கடையில ஊத்திட்டு, கடையில போய்க் காசு கொடுத்துக் கஞ்சி டப்பா வாங்கறது எந்த ஊர்ச் சிக்கனம் அண்ணே? (கைதட்டல்)

இரத்தக் கறை பட்ட துணியை அவசரப்பட்டு வெந்நீர்ல போடுறாங்க. இரத்தத்துல இருக்கிற புரதம் சூட்டிலே கெட்டியாகித் துணியோடு பிடிச்சுக்கும். அதுக்குப் பச்சைத் தண்ணிதான் வேணும். துருக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும் தடவி வெயில்ல வச்சு, நல்லா அலசணும். கலர்த் துணின்னா இங்கேயும் முதல்ல ஒரு மூலையிலே சோதனை. இதெல்லாம் காசு செலவில்லாத அறிவு. சட்டையில பட்டன் ஒன்று போனா அதைத் தைக்க ரெண்டு நிமிஷம். அதைத் தைக்கத் தெரியாததாலே ஒரு முழுச் சட்டையை ஒதுக்கி வைக்கிற பிள்ளைகள் இருக்காங்க. நகத்தால கிள்ள வேண்டியதைக் கோடாலி கொண்டு வெட்டுவானேன்?

ஓட்டை விழுந்த முறத்தை என்ன செய்வாங்க தெரியுமா? பழைய காகிதத்தைக் கிழிச்சு ஊறப் போட்டு, வெந்தயத்தையும் ஊற வச்சு, ரெண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லுல போட்டு ஆட்டி, முறத்துல இழைச்சு வெயில்ல காய வைப்பாங்க. வெந்தயத்தோட கொழகொழப்புதான் பசை. ஓட்டை அடைஞ்சு போகும், அரிசிக் குருணைகூட இடுக்கில சிக்காது. படிச்சு முடிச்ச பேப்பரும் அடுக்களையிலே இருக்கிற ஒரு கைப்பிடி வெந்தயமும் சேர்ந்து முறத்துக்கு மறுபடியும் ஆயுசு கொடுத்துது. அந்த வெந்தயத்தோட விலை என்ன, முறத்தோட விலை என்ன?

அடுத்து, ஈயம் பூசுறவர். இன்னைக்கு இருக்கிற பிள்ளைகள்ல நிறையப் பேர் இவரைப் பார்த்திருக்கவே மாட்டாங்க. திண்ணை ஓரத்துல சின்னதா குழி தோண்டி, துருத்தி வச்சு, கரி நெருப்பு மூட்டுவார். பித்தளைத் தவலையைக் காய வச்சு, நவச்சாரத்தைத் தூவுவார். குப்புன்னு வெள்ளைப் புகை கிளம்பும். வேடிக்கை பார்க்கிற பிள்ளைகள் எல்லாம் ரெண்டடி பின்னால போகும். நவச்சாரம் உள்பக்கத்துப் படலத்தை எல்லாம் சுத்தம் பண்ணிடும். அப்புறம் வெள்ளீயத்தை ஒரு கோடு இழுப்பார். அது 232 டிகிரியிலே உருகிடும். பஞ்சால ஒரு சுத்துத் துடைப்பார் பாருங்க, மாயம் மாதிரி தவலைக்குள்ள வெள்ளி பூத்திடும்!

எதுக்காக அந்தப் பூச்சு? பளபளப்புக்கு இல்லை. புளிக் குழம்பும் மோரும் வெறும் பித்தளையில பட்டா களிம்பு ஏறும். சாப்பிட்டவங்க வயிறு கெடும். அதைத் தடுக்கத்தான். இதிலே இன்னொரு பாடமும் இருக்கு. பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் கலந்தா அது நஞ்சு. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச கைவினைஞரும், விசாரிச்சுக் கேட்கிற குடும்பத் தலைவியும் இருந்த வரைக்கும் அந்தப் பாத்திரம் பத்திரமா இருந்தது. கேட்கிறவங்க குறைஞ்சாங்க, அந்தத் தொழில்காரரும் தெருவை விட்டுப் போயிட்டார். அம்மி கொத்துறவர், சாணை பிடிக்கிறவர், குடை ரிப்பேர் பண்றவர், பஞ்சு கொட்டி மெத்தை தைக்கிறவர்னு தெருவுல கேட்ட குரல்கள் ஒவ்வொண்ணா அடங்கிப் போச்சு. ஒரு பொருளைத் தூக்கிப் போடும்போது பொருள் மட்டும் போகலை நடுவர் அவர்களே. அதைச் சரி பண்ணத் தெரிஞ்ச ஒரு கையும் வேலையில்லாமப் போகுது. (கைதட்டல்)

எதிரணியிலே தங்கை ஒரு கேள்வி கேட்டாங்க. கூர்மையான கேள்வி. “சாம்பல் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சே எங்க அம்மாக்களோட கை தேய்ஞ்சு போச்சே, அதுக்குப் பேர்தான் சிக்கனமா?”ன்னாங்க. அவங்க கேட்டப்போ இந்த அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஏன்னா அது நியாயம்.

ஆனா தங்கச்சி, குத்தம் சாம்பல் மேல இல்லை. வீட்டுல பத்துக் கை இருக்கு, சாம்பல் தொட்டது ரெண்டே கை! அங்கேதான் குத்தம். (பலத்த கைதட்டல்) அப்பா கை பேப்பர் பிடிச்சுது, அண்ணன் கை பேட் பிடிச்சுது, அம்மா கை மட்டும் கரி பிடிச்சுது. பழையதைப் பேணுங்கன்னு நான் பேசுறது பெண்களைப் பார்த்து மட்டும் இல்லை. பட்டன் தைக்க ஊசி பிடிக்கிறதுக்கு ஆம்பளை விரல் வளையாதா என்ன? ஊருக்கெல்லாம் தைச்சுக் கொடுக்கிற டெய்லர் கடையில உட்கார்ந்திருக்கிறது நிறைய ஆம்பளைதானே! வெளியில காசுக்குத் தைச்சா தொழில், வீட்டுல தைச்சா கௌரவக் குறைச்சலா?

வாஷிங் மெஷினும் கிரைண்டரும் பெண்களோட முதுகை நிமிர்த்தின சாமான்கள். அதை நான் மறுக்கவே மாட்டேன். யாரும் மறுபடி ஆட்டுக்கல்லுக்குப் போக வேண்டாம். நான் கேட்கிறது ஒண்ணுதான். அந்த மெஷினோட பெல்ட் அறுந்தா பெல்ட்டை மாத்துங்க, மெஷினை மாத்தாதீங்க. மிக்ஸியில கப்ளர் தேய்ஞ்சா கப்ளரை மாத்துங்க. ஜார்ல பிளேடு மழுங்கினா பிளேடை மாத்துங்க. குழாய் சொட்டினா வாஷரை மாத்துங்க. நொடிக்கு ஒரு சொட்டுன்னா ஒரு நாளைக்கு 86,400 சொட்டு! 2019 கோடையிலே சென்னை நகரம் குடத்தோட தெருவுல நின்னுதே, அப்போ தெரிஞ்சுது ஒரு சொட்டோட விலை. அண்ணே, நீங்க வாங்கற புதுசும் ஒரு நாள் பழசாகும். அன்னைக்கு நீங்களும் எங்க அணிக்குத்தான் வரணும்! (சிரிப்பு, கைதட்டல்)

இதெல்லாம் ஏழைகளோட பழக்கம், பட்டிக்காட்டுப் பழக்கம்னு நினைக்காதீங்க. 1915-ல பம்பாய் காங்கிரசுக்குப் போயிருந்த காந்தியடிகள் ஒரு சின்னப் பென்சிலைக் காணோம்னு தேடிக்கிட்டு இருந்தார். கூட இருந்த காகா காலேல்கர் தன்னோட பென்சிலைக் கொடுத்தார். அவர் வாங்கிக்கலை. அது சென்னையிலே பதிப்பாளர் நடேசனோட சின்ன மகன் அன்பாகக் கொடுத்த பென்சில், அதைத் தொலைக்க முடியாதுன்னு தேடி எடுத்தார். ரெண்டு அங்குலம்கூட இல்லாத துண்டுப் பென்சில்! கொடுத்த பிள்ளையோட மனசுக்குக் கொடுத்த மரியாதை அது.

இங்கிலாந்துல 1941-ல, போர்க்காலத்துல, துணிக்கு ரேஷன் வந்தது. 1943-ல அரசாங்கமே இருக்கிற துணியைத் தைச்சு ஒப்பேத்துவது எப்படின்னு புத்தகம் போட்டு மக்களுக்குக் கொடுத்தது. போர் முடிஞ்ச பிறகும் 1949 வரைக்கும் அந்தத் துணி ரேஷன் இருந்தது. 2009-ல நெதர்லாந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரத்துல ஒரு கூடம் திறந்தாங்க. கெட்டுப்போன சாமானைத் தூக்கிக்கிட்டு வந்தா, தெரிஞ்சவங்க பக்கத்துல உட்கார்ந்து சரிபண்ணச் சொல்லிக் கொடுப்பாங்க. பிரான்ஸ் நாட்டுல 2021 முதல் செல்போன், டி.வி., வாஷிங் மெஷின் மாதிரியான சாமான்களுக்கு, பழுது பார்க்க எவ்வளவு வசதின்னு பத்துக்கு இத்தனை மார்க்குன்னு போடச் சொன்னாங்க. நம்ம நாட்டுல 2022 டிசம்பர்ல மத்திய அரசின் நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்காகத் தனியாக ஓர் இணையதளம் தொடங்கியது. 2024-ல ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டது. நாம பழசுன்னு வெட்கப்பட்டுக் கைவிட்டதை, பணக்கார நாடுகள் சட்டம் போட்டுத் திரும்பக் கூப்பிடுது!

ஏன் கூப்பிடுது? ஐக்கிய நாடுகள் சபையோட 2024 அறிக்கை ஒரு கணக்குச் சொல்லுது. 2022-ங்கிற ஒரே வருஷத்துல உலகம் தூக்கிப் போட்ட மின்சாதனக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். அதுல முறையாச் சேகரிச்சு மறுசுழற்சிக்குப் போனதா கணக்கில இருக்கிறது நாலுல ஒரு பங்குகூட இல்லை. அண்ணன் சொன்ன “புதுசு வாங்கு”ங்கிற மந்திரத்தோட மறுபக்கம் இந்தக் குப்பை மேடு.

(நடுவர் மணி அடிக்கிறார்.)

ரெண்டே நிமிஷம் ஐயா.

பேணுறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. அதையும் சொல்லிட்டுத்தான் உட்காரணும். கேஸ் டியூப்பில வெடிப்பு விட்டா அதுக்கு ஒட்டுப் போடாதீங்க, மாத்துங்க. குக்கரோட சேஃப்டி வால்வு போனா அதுல கண்டதை அடைச்சு வைக்காதீங்க, அதே கம்பெனி வால்வை வாங்கிப் போடுங்க. தோல் உரிஞ்ச கரண்டு வயருக்கு மேல டேப் சுத்திச் சிக்கனம் பண்ணாதீங்க. பளிச்சுன்னு ஆகட்டுமேன்னு பிளீச்சிங் பவுடரோட கழிவறை ஆசிட்டைக் கலந்திடாதீங்க, குளோரின்ங்கிற நச்சு வாயு கிளம்பும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்துல புதுசு வாங்கறதுதான் சிக்கனம். எதைச் சரி பண்ணலாம், எதை மாத்தியே ஆகணும்னு பிரிச்சுப் பார்க்கிற அறிவு யாருக்கு வரும்? பொருளோட குணம் தெரிஞ்சவங்களுக்குத்தான் வரும். அந்த அறிவையும் பழையதைப் பேணுகிற பழக்கம்தான் கொடுக்கும்.

கடைசியா ஒண்ணு. பிள்ளைகள் நாம சொல்றதைக் கேட்டு வளர்றதில்லை, நாம செய்றதைப் பார்த்து வளருது. கைப்பிடி ஆடுதா, தூக்கிப் போடு, வேகம் குறைஞ்சுதா, மாத்துன்னு தினம் தினம் பார்த்து வளர்ற பிள்ளைக்கு, நாளைக்கு நமக்கு மூட்டு ஆடும்போது, நம்ம நடை வேகம் குறையும்போது, வேற என்ன தோணும்? (நீண்ட கைதட்டல்) ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளையைப் பக்கத்துல உட்கார வச்சு, ஆணும் பெண்ணுமா, ஒரு குடத்தைத் தேயுங்க. ஒரு பட்டனைத் தைங்க. ஒரு குழாய் வாஷரை மாத்துங்க. மிச்சமாகிற காசு சின்னதுதான். அந்தப் பிள்ளை கத்துக்கிட்டது கடைசி வரைக்கும் கூட வரும்.

ஆகவே, கையில இருப்பதன் குணம் அறிந்து, கூடி உழைத்து, பழையதைப் பேணுவதே குடும்பச் சிக்கனத்துக்குப் பெரிதும் துணை நிற்கிறது என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.